முதலில் கையைப் பாருங்கள்

சாலமோன் அரசரை ஏரோது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். அதுவும் கோவிலுக்குள் நின்றுகொண்டு, சத்தமாக. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் அரியணை போட்டு ஓர் அரசர் உட்கார்ந்திருக்கிறார், ஒரு வாள் தெரிகிறது, ஒரு குழந்தை தெரிகிறது. மாசில்லாக் குழந்தைகளைக் கொன்ற ஏரோது இல்லாமல் வேறு யார்? மறைக்கல்வி வகுப்பில் பரிசு வாங்கியவள் என்ற திமிர் எனக்கு. பின்னால் நின்ற தன்னார்வலர் அம்மா ஒருவர் லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு, "அந்தக் கோடி ஜன்னலையும் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்றார். தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் திருத்துவது அப்படித்தான்.

போய்ப் பார்த்தேன். அந்தக் கோடியில் தாவீது அரசர் தீர்ப்புச் சொல்கிறார். நடுவில் பெரிய ஜன்னல் முழுக்கப் பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் நடக்கும் கடைசித் தீர்ப்பு. அப்படியானால் இந்தக் கோடியில் இருப்பதும் ஒரு தீர்ப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் சண்டை போட்டதும், குழந்தையை வெட்டிப் பாதி பாதி கொடுக்கச் சொன்னதும் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. மேற்குச் சுவரில் வரிசையாக மூன்று ஜன்னல், மூன்று தீர்ப்பு. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பேர் சொன்னது என் அவசரம்.

இது நடந்தது ஃபேர்ஃபோர்டில், புனித மரியாள் கோவிலில். நான் ஸ்விண்டனில் நர்ஸாக இருக்கிறேன், சொந்த ஊர் மணப்பாடு. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் க்ளாஸ்டர்ஷயரின் அந்தச் சின்ன ஊர் வந்துவிடும். விமானப்படைத் தளத்துக்கும் விமானக் கண்காட்சிக்கும் பேர்போன ஊர் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது 28 ஜன்னல் ஊர். 1500க்கும் 1517க்கும் இடையில் செய்த வண்ணக் கண்ணாடிகள், கோவில் முழுக்க, ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன. இங்கிலாந்தில் வேறெந்தப் பங்குக் கோவிலிலும் அந்தக் காலத்துக் கண்ணாடி இவ்வளவு முழுமையாக மிஞ்சவில்லை. ஆட்டு ரோம வியாபாரத்தில் பணம் சேர்த்த ஜான் டேம் கட்ட ஆரம்பித்து, மகன் எட்மண்ட் முடித்த கோவில். அரசருக்குக் கண்ணாடி வேலை செய்த பர்னார்ட் ஃப்ளவரின் பட்டறைதான் இதையும் செய்தது என்பது பொதுவான கருத்து.

ஐந்தாறு தடவை போய் வந்ததில் இந்த ஜன்னல்களைப் படிக்க ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. லண்டனிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் அவர்களையும் இப்படித்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஃபேர்ஃபோர்டை வைத்துச் சொன்னாலும் எந்தப் பழைய கோவிலுக்கும் இது பொருந்தும்.

போவதற்கு முன்னால்

பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேல்வரிசை ஜன்னல்களில் உள்ள முகங்கள் வெறுங்கண்ணுக்கு வெறும் புள்ளி. எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது.

வெயில் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் முதலில் போனது பளீரென்று வெயில் அடித்த ஜூன் மாதம். தரையில் சிவப்பும் நீலமும் சிந்திக் கிடந்தது, அழகுதான். ஆனால் ஜன்னலை நேராகப் பார்க்க முடியவில்லை. வெயில் நேரே விழும்போது வெளிர் கண்ணாடியின் வெளிச்சம் பக்கத்துக் கண்ணாடி மேலேயும் வழிந்து கோடுகளை அழித்துவிடுகிறது. மூட்டம் போட்ட நாள்தான் படிக்க நல்ல நாள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமா? வெயில் இருந்தே தீரும் என்றால் காலையில் மேற்கு ஜன்னல்களையும், மதியத்துக்கு மேல் கிழக்கு ஜன்னல்களையும் பாருங்கள். வடக்கு எப்போதும் பத்திரம்.

சனிக்கிழமை போவதானால் கல்யாணம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். வேறொரு ஊர்க் கோவிலுக்கு நாற்பது மைல் ஓட்டிப் போய், மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பைனாகுலரோடு நின்றவள் நான்.

உள்ளே போனதும் எதையும் பார்க்காமல் ஒரு பெஞ்சில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வெளிவெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக வேண்டும். முதலில் வெறும் கறுப்பாகத் தெரிந்த இடங்களிலிருந்து கருநீலமும் கத்தரிப்பூ நிறமும் தானாக எழும்பி வரும்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது

பழைய கோவில்களில் பீடம் கிழக்கே இருக்கும். பீடத்தைப் பார்த்து நின்றால் இடது கை வடக்கு, வலது கை தெற்கு, முதுகு மேற்கு. வெயில் படாத குளிர்ந்த வடக்கு பழைய ஏற்பாட்டுக்கு, வெளிச்சமான தெற்கு புதிய ஏற்பாட்டுக்கு, சூரியன் விழுகிற மேற்கு உலக முடிவுக்கு என்பது அந்தக் காலத்துக் கணக்கு. எல்லாக் கோவிலும் இதைப் பின்பற்றுவதில்லை. ஃபேர்ஃபோர்டு கிட்டத்தட்ட அச்சு அசலாகப் பின்பற்றுகிறது.

அங்கே கதை வடகிழக்கில் உள்ள மாதா சிற்றாலயத்தில் தொடங்குகிறது. முதல் ஜன்னலில் ஏவாளும் பாம்பும், எரிகிற முட்செடி முன் மோசே, கிதியோனும் ஆட்டுத்தோலும், சாலமோனைப் பார்க்க வந்த சேபா நாட்டு அரசி. நான்கும் பழைய ஏற்பாடு. ஆனால் நான்கும் மாதாவுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் முன்னடையாளம். எரிந்தும் கருகாத செடி மாதாவின் கன்னிமை, பனி இறங்கிய ஆட்டுத்தோல் கருத்தரித்தல், பரிசோடு வந்த அரசி மூன்று ராஜாக்கள். இந்த ஜோடி சேர்க்கும் பழக்கத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஜன்னல்கள் தானாகத் திறந்துகொள்ளும். "இங்கே எதற்கு இந்த ஆள்?" என்று தோன்றும்போதெல்லாம் அவருக்கு ஜோடி யார் என்று தேடுங்கள்.

அப்புறம் மாதாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னம்மாள், மாதாவின் பிறப்பு, திருமணம், மங்கள வார்த்தை, இயேசுவின் பிறப்பு என்று போய், கிழக்கே பீடத்துக்கு மேல் குருத்து ஞாயிறு தொடங்கிச் சிலுவை வரை பாடுகள். அங்கிருந்து தெற்கே திரும்பினால் அடக்கம், உயிர்ப்பு, எம்மாவு, தோமையார், விண்ணேற்றம், தூய ஆவி இறங்குதல். தொடர்ந்து தென்சுவரில் பன்னிரண்டு அப்போஸ்தலர். மேற்கில் தீர்ப்புகள். வடசுவர் வழியாகத் திரும்பினால் சுவிசேஷகர் நால்வரும் இறைவாக்கினர்களும்.

வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு. இரண்டாம் தடவை நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: இது நம் ஊரில் வலம் வருகிற திசை. அந்த ஆட்டு ரோம வியாபாரிக்குப் பிரதட்சணம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் என் கால்களுக்கு அந்தச் சுற்று பழகிய சுற்றாக இருந்தது.

கை, தலை, கால், அப்புறம் முகம்

இனிமேல்தான் முக்கியமான பாடம். முகத்தைப் பார்த்து யார் என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். தாடி வைத்த எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். முதலில் கையைப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கோவிலில் பாட்டி எனக்குப் புனிதர்களின் சுரூபங்களைச் சொல்லிக்கொடுத்தது இப்படித்தான். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "சாவி வச்சிருக்கவரு இராயப்பர். வாளு வச்சிருக்கவரு சின்னப்பர். லீலிப் பூ வச்சிருந்தா சூசையப்பர். அம்பு தச்சிருந்தா செபஸ்தியார். முகத்தெப் பாக்காதட்டி, முகமெல்லாம் பெயிண்டு அடிக்கவன் இஷ்டம்." வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள் என்று நம் ஊரில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்லாத பிள்ளை உண்டா? அதே வித்தைதான். 500 வருஷத்துக்கு முந்தைய க்ளாஸ்டர்ஷயர்க் குடியானவனும் என் பாட்டி படித்த பள்ளிக்கூடத்தில்தான் படித்திருக்கிறான்.

ஃபேர்ஃபோர்டின் தென்சுவர் அப்போஸ்தலர்களிடம் இதைப் பழகிப் பாருங்கள். கிழக்கே முதல் ஆள் கையில் சாவி, ஆகவே இராயப்பர், அதாவது பேதுரு. அடுத்து எக்ஸ் எழுத்து மாதிரிச் சிலுவை, அவர் பிலவேந்திரர், அதாவது அந்திரேயா. யாத்ரிகக் கோலும் சிப்பியும் சந்தியாகப்பருக்கு, அதாவது யாக்கோபுக்கு. கிண்ணம் வைத்திருப்பவர் தாடியில்லாத இளைஞர் அருளப்பர், அதாவது யோவான். கத்தி வைத்திருந்தால் பர்த்தலோமேயு. உயிரோடு தோலை உரித்தார்கள் என்பது மரபு. ஆயுதங்களில் பெரும்பாலானவை அந்தந்த ஆளைக் கொன்ற ஆயுதங்கள்தாம். எதனால் செத்தாரோ அதையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாவி, யாத்ரிகக் கோல், கிண்ணம் போன்றவை விதிவிலக்கு.

ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு சுருள், அதில் கறுத்துத் தடித்த எழுத்தில் லத்தீன். பயப்பட வேண்டாம். இராயப்பர் சுருளின் முதல் வார்த்தை "க்ரேதோ", விசுவசிக்கிறேன். பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு வரியாக விசுவாசப் பிரமாணத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள். எதிர்ச்சுவரில் இராயப்பருக்கு நேரே எரேமியா, பிலவேந்திரருக்கு நேரே தாவீது என்று இறைவாக்கினர்கள் நின்று, அந்த வரிக்குப் பொருந்தும் பழைய ஏற்பாட்டு வரி ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். திருப்பலியில் இரண்டு பக்கமும் மாறி மாறி ஜெபம் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு சுவர் சொல்ல இன்னொரு சுவர் பதில் சொல்கிறது.

இந்த வரிசையில் நான் அதிக நேரம் நிற்பது தோமையாரிடம். கையில் ஈட்டி. அந்த ஈட்டி நம் ஊர் ஈட்டி. சென்னையில் பரங்கிமலையில் அவரை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள், மயிலாப்பூரில் புதைத்தார்கள் என்பதுதானே மரபு? கடலையே பார்க்காத ஓர் ஆட்டு ரோம ஊரில், வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கிச் சில வருஷங்களே ஆன காலத்தில், பரங்கிமலை ஈட்டியை ஒருவர் கண்ணாடியில் வரைந்து வைத்திருக்கிறார்.

இன்னும் ஒன்று. அதே தோமையார் தென்கிழக்குச் சிற்றாலயத்தில், உயிர்ப்புக்குப் பிந்தைய காட்சிகளில் ஏற்கெனவே வந்துபோகிறார். அங்கே அவர் கையில் ஈட்டி கிடையாது. ஈட்டி குத்திய இயேசுவின் விலாக் காயத்தைத் தொடுகிற கைதான் இருக்கிறது. பத்தடி நடந்து இங்கே வந்தால் அந்தக் கையிலேயே ஈட்டி வந்துவிட்டது. வரைந்தவர் இதை யோசித்து வரைந்தாரோ என்னவோ, நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்தடியை நடந்து பார்க்கிறேன்.

கைக்கு அடுத்து தலை. ஒளிவட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது பெரும்பாலும் இயேசு, புனிதர்கள் யாருக்கும் அது கிடையாது. கூட்டத்துக்குள் அவரைத் தேட இதுவே சுருக்கு வழி. பாப்பரசரின் மூன்றடுக்கு முடி, ஆயரின் இரட்டைக் கூர்த் தொப்பி, கர்தினாலின் சிவப்புத் தொப்பி ஆகியவையும் உதவும். திருச்சபைத் தந்தையர் நால்வரில் சிவப்புத் தொப்பிக்காரர் எரோணிமுஸ். அவர் காலத்தில் கர்தினால் பதவி இப்படி இருந்ததே இல்லை, ஓவியர்கள் தாங்களாகச் சூட்டிவிட்ட தொப்பி.

தலைக்கு அடுத்து கால். காலடியில் என்ன கிடக்கிறது? டிராகன் மாதிரி ஏதாவது நெளிந்தால் மூன்று பேரில் ஒருவர். இறக்கை இருந்தால் மிக்கேல் சம்மனசு (சம்மனசு என்றால் வானதூதர்), இறக்கை இல்லாமல் கவசமும் குதிரையும் இருந்தால் ஜார்ஜியார், பெண்ணாக இருந்தால் அந்தியோக்கியா மார்கரெட். காலடியிலோ பக்கத்திலோ சிங்கம், காளை, கழுகு, சம்மனசு வந்தால் சுவிசேஷகர்கள்: மாற்கு, லூக்கா, அருளப்பர், மத்தேயு. பல் சக்கரம் கத்தரீனம்மாள். கோபுரம் பார்பரம்மாள். இரும்பு வாட்டுச்சட்டம் லாரன்ஸ். கல் என்றால் கல்லெறிபட்டுச் செத்த முடியப்பர், அதாவது ஸ்தேவான். தட்டில் இரண்டு கண் இருந்தால் லூசியம்மாள். அதை மட்டும் சின்னப் பிள்ளைகளிடம் காட்டாதீர்கள், ராத்திரி தூங்க மாட்டார்கள். பட்டவள் சொல்கிறேன்.

கடைசியாக அக்கம்பக்கம். இதைச் செய்யாமல்தான் நான் சாலமோனை ஏரோதாக்கினேன்.

கண்ணாடியையும் பாருங்கள்

யார் என்று தெரிந்ததும் பலர் அடுத்த ஜன்னலுக்கு ஓடிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் தெரிந்தால் இன்னும் நிறையத் தெரியும்.

நிறம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உருக்கும்போதே கோபால்ட் போட்டால் நீலம், தாமிரம் போட்டால் பக்குவத்தைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ. சிவப்பில் ஒரு சிக்கல். கனம் முழுவதும் சிவப்பாக இருந்தால் வெளிச்சமே வராது, கறுப்பாகத் தெரியும். அதனால் வெள்ளைக் கண்ணாடி மேல் தோல் மாதிரி மெல்லிய சிவப்புப் படலம் ஒட்டுவார்கள். அந்தத் தோலைச் சுரண்டி எடுத்தால் கீழே வெள்ளை. சிவப்பு அங்கியின் நடுவே, ஈயக்கோடு எதுவும் இல்லாமல் வெள்ளைப் பூவோ நகையோ தெரிந்தால், யாரோ மணிக்கணக்கில் உட்கார்ந்து சுரண்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

முகத்தின் கோடுகளும் நிழலும் வேறு. இரும்பு அல்லது தாமிர ஆக்சைடைக் கண்ணாடித் தூளோடு குழைத்து, உள்பக்கம் தீட்டி, சூளையில் சுட்ட கரும்பழுப்பு. மஞ்சள் இன்னும் வேறு. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் பூசிச் சுட்டால், வெள்ளி உள்ளே இறங்கிக் கண்ணாடியே மஞ்சளாகிவிடும். இளம் எலுமிச்சை நிறத்திலிருந்து காவி வரைக்கும் வரும். ஐரோப்பாவில் இது 1300களின் தொடக்கத்தில் பரவிய வித்தை. இது வந்த பிறகு ஒரே வெள்ளைத் துண்டில் சம்மனசின் முகத்தையும் பொன்னிறத் தலைமுடியையும் சேர்த்தே வரைய முடிந்தது. அதற்கு முன்னால் முடிக்குத் தனி மஞ்சள் துண்டு வெட்டி, நடுவில் ஈயம் வைக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க மேல்வரிசைக்குப் பைனாகுலரைத் தூக்குங்கள். தென்புறம் திருச்சபைக்காக நின்றவர்கள் பன்னிரண்டு பேர், அவர்களுக்கு மேலே உச்சியின் சிறு கட்டங்களில் சம்மனசுகள். எதிரே வடபுறம் திருச்சபையைத் துன்புறுத்தியவர்கள் பன்னிரண்டு பேர். யூதாஸும் உண்டு, ஏரோதும் உண்டு. (நிஜ ஏரோது. தேடினால் கிடைக்கிறார்.) அவர்களுக்கு மேலே குட்டிப் பிசாசுகள். ஒரு சம்மனசின் தலைமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கும் முடிக்கும் நடுவே ஈயம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மஞ்சள் வெள்ளி தந்தது.

ஈயக்கோடுகளையும் படிக்கலாம். நல்ல கைவேலையில் ஈயம் உருவத்தின் ஓரத்தோடு போகும், கழுத்து, தோள், அங்கி மடிப்பு என்று. ஒரு முகத்தின் குறுக்கே, கன்னத்தை வெட்டிக்கொண்டு கோணல் மாணலாக ஓர் ஈயம் போனால் அது வரைந்தவர் போட்டதல்ல. உடைந்து பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது. அங்கியின் நடுவே திடீரென்று ஒரு விரலோ எழுத்தோ தெரிந்தால், வேறு ஜன்னலின் உடைசல் இங்கே ஓட்டையடைக்க வந்திருக்கிறது. பாட்டி தைத்த ஒட்டுத் துணிப் போர்வை மாதிரி.

ஃபேர்ஃபோர்டில் இதைப் பழக மேற்குச் சுவர்தான் இடம். 1703 நவம்பரில் அடித்த பெரும்புயல் மேற்கு ஜன்னல்களைச் சிதைத்துவிட்டது. பொதுத்தீர்வை ஜன்னலின் மேல்பாதி 1860களில் புதிதாகச் செய்து வைத்தது, கீழ்பாதி பழையது. இதைச் சொல்லாமல் உறவுக்காரர்களை முன்னால் நிறுத்தி, "எங்கேயோ தையல் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்பேன். ஒரு நிமிடத்தில் யாராவது பிடித்துவிடுவார்கள். மேலே உள்ள நிறம் சீராக, கழுவிவிட்டது போல இருக்கும். கீழே உள்ள கண்ணாடி ஒரே துண்டுக்குள்ளேயே ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளிறியும் இருக்கும். மேல்பாதியில் இயேசு வானவில் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பக்கம் லீலி, இரக்கம். மறுபக்கம் வாள், நீதி. மண்டியிட்டுப் பரிந்து பேச மாதாவும் ஸ்நாபக அருளப்பரும்.

கீழ்பாதிக்கு நாற்காலி போட்டு உட்காரலாம். நடுவில் மிக்கேல் சம்மனசு தராசு பிடித்து ஆன்மாக்களை நிறுக்கிறார். நம் இடதுபுறம் இராயப்பர், கையில் அதே சாவி, நல்லவர்கள் பொன் படிகளில் ஏறுகிறார்கள். வலதுபுறம் முழுக்கச் சிவப்பு. நீலப் பிசாசு ஒன்று ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஒரு பெண்ணை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது, கட்டட வேலைக்கு மணல் கொண்டு போகிற மாதிரி. கீழே மூலையில் சாத்தான், மீன் தலை, வயிற்றில் இன்னொரு முகம், அதிலும் பல். நான் மீனவ ஊர்க்காரி, வலையில் வந்த எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். இது எந்த மீன் என்று எனக்கும் சொல்ல வரவில்லை.

நரகத்தைப் பார்த்து அலுத்தால் மாதா சிற்றாலயத்துக்குத் திரும்பி, பரலோக மாதாவைப் பாருங்கள். இங்கிலாந்து ரோமை விட்டுப் பிரிந்தது 1534இல். அதன் பிறகு அரசு ஆணையிலும், 1640களின் உள்நாட்டுப் போரிலும் நாடெங்கும் மாதா உருவங்களை உடைத்தார்கள். இது எப்படித் தப்பியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆங்கிலிக்கன் கோவிலில் விண்ணேறும் மாதா நிற்கிறார். ஸ்விண்டன் பங்கில் எனக்குத் தெரிந்த கோவாக்காரப் பாட்டி ஒருவரை அங்கே கூட்டிப் போனேன். ஜன்னல் முன் நின்று கொங்கணியில் ஒரு மாதா பாட்டை முழுசாக முணுமுணுத்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

சாதாரணக் கோவிலானால்

எல்லா ஊரும் ஃபேர்ஃபோர்டு அல்ல. இங்கே நீங்கள் நுழையும் பெரும்பாலான கோவில்களில் இருப்பது விக்டோரியா காலத்துக் கண்ணாடி, அல்லது அதற்கும் பிந்தியது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை, ஆனால் படிக்கும் இடம் மாறுகிறது. அங்கே கண்ணை நேராகக் கீழ்விளிம்புக்குக் கொண்டு போங்கள். யார் நினைவாக, யார் கொடுத்தது, எந்த வருஷம் என்று எழுதியிருக்கும். படத்துக்கும் அந்த ஆளுக்கும் தொடர்பு இருக்கும். டாக்டர் நினைவு என்றால் மருத்துவர் லூக்கா. போரில் செத்த மகன் என்றால் ஜார்ஜியாரோ மிக்கேலோ. 1918க்குப் பிறகு இவர்கள் இருவரும் இல்லாத ஊரே இல்லை எனலாம். செத்துப்போன குழந்தைக்கு "சிறுபிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்." நர்ஸ் வேலை பார்ப்பதால் இந்த ஜன்னல்களை என்னால் அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

மூலைகளையும் விடாதீர்கள். செய்தவர் சின்ன முத்திரை ஒன்றை ஒளித்து வைத்திருப்பார். பொன் கோதுமைக் கட்டு இருந்தால் சார்லஸ் ஈமர் கெம்ப் பட்டறை. அந்தக் கட்டின் மேல் கறுப்புக் கோபுரமும் இருந்தால் அவருக்குப் பிறகு வால்டர் டவர் நடத்திய காலம். காட்டு ஸ்ட்ராபெரி ஒன்று இருந்தால் நினியன் காம்பர். சிலந்தி வலை இருந்தால் ஜெஃப்ரி வெப், பேரிலேயே வலை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இந்தத் தேடலை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் நிம்மதியாகப் பார்க்கலாம்.

படம் எடுப்பதானால் ஃபிளாஷை அணையுங்கள். வெளிச்சம் வர வேண்டியது அந்தப் பக்கமிருந்து. போன் திரையில் ஜன்னலின் வெளிர்ந்த இடம் ஒன்றைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்தால், சுவர் கறுத்துப் போய்க் கண்ணாடி தெளிவாக வரும். அண்ணாந்து எடுத்தால் உருவங்கள் தலை சிறுத்து வரும். கொஞ்சம் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள். முழு ஜன்னலை ஒன்று, அதற்கப்புறம் கைகளை மட்டும் தனித்தனியாக. வீட்டுக்கு வந்து பேர் தேட அந்தக் கைப்படங்கள்தான் உதவும்.

வெளியே வந்தால் காருக்கு ஓடாமல் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். 1963இலிருந்து 1980 வரை கோவிலிலேயே வாழ்ந்த டிடில்ஸ் என்ற பூனைக்கு அங்கே கல்லில் ஒரு பூனை செதுக்கி வைத்திருக்கிறார்கள். சாலமோன் விவகாரம் நடந்த அன்று என் மகள் அதன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பக்கத்துக் கல்லறைகள் இரண்டையும் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பூனைதாம்மா. நல்லாப் பாத்துட்டேன்."